பருத்தித்துறையில் ஓர் இரவு தங்குங்கள்

எங்கள் ஊருக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் காலை பத்து மணிக்கு வந்து இறங்குகிறார்கள். முதல்நாள் நல்லூரையும் யாழ்ப்பாண நூலகத்தையும் கோட்டையையும் பார்த்து முடித்திருப்பார்கள். அடுத்த நாளுக்கு ஒரு வான் பிடித்து எங்கள் வடமராட்சிப் பகுதி. வெளிச்சவீட்டுக்கு முன்னால் ஒரு படம், நாட்டின் வடமுனை என்று அடையாளம் நாட்டிய சக்கோட்டையில் ஒரு படம், கையில் இரண்டு பைக்கற் வடை. மத்தியானச் சாப்பாட்டுக்கு யாழ்ப்பாணம் திரும்பிவிடுவார்கள். போகும்போது, "நல்ல அமைதியான இடம் ஐயா, ஆனா பாக்கிறதுக்கு அவ்வளவா ஒண்டும் இல்லை" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

அவர்கள் சொல்வதில் பொய் இல்லை. பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் பருத்தித்துறையில் வெயிலைத் தவிர பெரிதாக எதுவும் நடமாடுவதில்லை. கடலுக்குப் போனவர்கள் கரைக்கு வந்து, மீனைக் கொடுத்து, வலையைக் காயப் போட்டுவிட்டு நித்திரைக்குப் போயிருப்பார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். சந்தை கலையத் தொடங்கியிருக்கும். ஊரின் வேலையில் பாதி விடியமுன் தொடங்கி வெயில் ஏறமுன் முடிந்துவிடும். மிச்சம் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகுதான். ஊர் கண்ணயர்ந்திருக்கும் நேரத்தில் வந்து பார்த்துவிட்டு, ஊரே இவ்வளவுதான் என்று முடிவுகட்டிக்கொண்டு போகிறார்களே என்பதுதான் என் மனக்குறை.

ஆகவே இங்கே வந்து என்ன செய்யலாம் என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான். பின்னேரம் வாருங்கள். ஓர் இரவு தங்குங்கள். அடுத்த நாள் விடியற்புறம் எழும்பி, ஒரு பிளேன்ரீயைக் குடித்துவிட்டு, முனைப்பக்கம் கடற்கரைக்கு நடவுங்கள்.

அந்த நேரத்தில் படகுகள் ஒவ்வொன்றாகக் கரைக்கு வரும். மரத்தால் செய்த வள்ளங்களின் காலம் போய்விட்டது. இப்போது பெரும்பாலும் பைபர் படகுகள், பின்னால் எஞ்சின் பூட்டியவை. வலையில் சிக்கிய மீனை ஒவ்வொன்றாகக் கழற்றுவதைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். விரல் எவ்வளவு வேகமாகப் போகிறது, ஆனாலும் வலையின் ஒரு கண்கூட அறுவதில்லை. கழற்றிய மீன் கூறு கூறாகப் பிரியும். வியாபாரி ஒரு விலை சொல்வார், சம்மாட்டி இன்னொரு விலை சொல்வார், நடுவில் நிற்கிற யாராவது ஒருவர் இரண்டையும் பொருத்திவைப்பார். சூடை, பாரை, விளை, கணவாய், திருக்கை என்று அன்றன்றைய பாட்டைப் பொறுத்தது கரையின் முகம். பாடு நன்றாக இருந்த நாளில் பேச்சுச் சத்தம் வீதிவரை கேட்கும். இல்லாத நாளில் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். அப்படியான நாளில் கைபேசியை உயர்த்திப் பிடித்துப் படம் எடுக்காதீர்கள். முதலில், "என்ன அண்ணை, இண்டைக்குப் பாடு எப்பிடி?" என்று கேளுங்கள். மறுமொழி வந்தால் நில்லுங்கள். வராவிட்டால் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். இரவு முழுக்கக் கண்விழித்து வந்த மனிதனின் வேலைத்தலம் அது.

கதை தொடங்கிவிட்டால் அவர் காற்றைப் பற்றிச் சொல்வார். சோழகம் எப்போது எழும்பும், வாடை எப்போது தொடங்கும் என்பதைக் கொண்டுதான் எங்கள் ஊரில் வருசமே நடக்கிறது. வாடைக் காலத்தில், ஐப்பசி முடிந்து தை வரைக்கும், கடல் கொந்தளிக்கும். பல நாள் படகே இறங்காது. அதன் பிறகு அவராகவே இழுவைப் படகுகளுக்கு வருவார். எதிர்க்கரையிலிருந்து இரவில் வந்து, கடலின் அடியை வாரிக்கொண்டு போகிற மடிவலைகளால் எங்கள் ஆட்களின் வலைகள் அறுந்து போவது நெடுங்காலத் துயரம். இழுவைமடித் தொழிலை 2017இல் இலங்கை சட்டத்தால் தடை செய்தது. ஆனாலும் பிரச்சினை தீரவில்லை. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் இதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்று நான் உண்மையாகவே விரும்புகிறேன். அந்தப் படகுகளில் கூலிக்கு வருகிறவர்களும் ஏழைகள்தான் என்பது எங்கள் கடற்றொழிலாளருக்கும் தெரியும். ஆத்திரத்தோடு பேசத் தொடங்குகிறவர்கள்கூட, கதை நீளும்போது, "அவங்களும் பாவந்தான்" என்று ஓரிடத்தில் சொல்லித்தான் விடுகிறார்கள்.

குளிக்க ஆசைப்படுவீர்கள். ஊருக்கு நேர் முன்னாலுள்ள கடல் குளிக்கிற கடல் அல்ல. கல்லும் பாருமாகக் கிடக்கும், காலைக் கிழிக்கும். கிழக்கே கற்கோவளம் தாண்டினால்தான் மணற்கரை தொடங்குகிறது. அங்கேயும் அந்த இடத்து ஆள் ஒருவரிடம் கேட்காமல் இறங்காதீர்கள். அமைதியாக இருக்கிறதே என்று கடலை நம்பக்கூடாது என்பதை 2004 மார்கழி 26ஆம் திகதி காலை இந்தக் கரை முழுவதும் கற்றுக்கொண்டது. வடமராட்சி கிழக்கில் உடுத்துறையில் அன்று போனவர்களுக்கு நினைவாலயம் இருக்கிறது. போனால் செருப்பைக் கழற்றிவிட்டு நில்லுங்கள். ஆனால் கரையில் சந்திக்கிற ஒருவரிடம் "சுனாமியில உங்களுக்கு ஆர் போனது?" என்று எடுத்த எடுப்பில் கேட்கவேண்டாம். சொல்லத் தோன்றினால் அவர்களே சொல்வார்கள்.

ஊருக்குள்ளே நீங்கள் அவசியம் இருந்து பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. நின்று பார்ப்பதற்கல்ல, இருந்து பார்ப்பதற்கு. தும்பளை வீதியில் தெருமூடி மடம். பேருக்கு ஏற்றபடி தெருவையே மூடிக் கட்டிய மடம் அது. இரண்டு பக்கமும் கல்தூண்களும் உயர்ந்த திண்ணைகளும், நடுவாலே வீதி போகிறது, மேலே கூரை. நாட்டில் எத்தனையோ மடங்கள் இருக்கின்றன. அவற்றில் தங்குவதற்குக் களைத்த வழிப்போக்கன் வீதியை விட்டு இறங்கி, மடத்தைத் தேடிப்போய், வாசலில் நின்று இடம் கேட்கவேண்டும். இதைக் கட்டுவித்தவர்கள் அந்தச் சிரமத்தைக்கூட அவனுக்கு வைக்கவில்லை. அவன் நடக்கிற வழியையே நிழலாக்கிவிட்டார்கள். யாரிடமும் கேட்கவேண்டியதில்லை, யாருக்கும் நன்றி சொல்லவேண்டியதில்லை. சுமையை இறக்கித் திண்ணையில் வைத்துவிட்டு உட்கார வேண்டியதுதான். கொடுப்பவர் முகம் தெரியாமல் கொடுக்கிற இந்த நாகரிகத்தை நான் வேறெங்கும் இவ்வளவு வெளிச்சமாகக் கண்டதில்லை. இப்போது மோட்டார் சைக்கிளும் ஓட்டோவும் அதற்குள்ளால் பறக்கின்றன. பரவாயில்லை. வெயில் நேரத்தில் போய் அரை மணித்தியாலம் அந்தத் திண்ணையில் இருங்கள். கல் எவ்வளவு குளிர்மை என்பது முதுகுக்குத் தெரியும்.

வடைக்கு வருகிறேன். பருத்தித்துறை வடையைக் கொழும்பிலும் வாங்கலாம், கனடாவிலும் வாங்கலாம். ஆனால் அது சுடப்படுகிற வீட்டைப் பார்க்க இங்கேதான் வரவேண்டும். ஊறின உளுந்து, அவித்த கோதுமை மா, மிளகாய், பெருஞ்சீரகம், கறிவேப்பிலை, உப்பு எல்லாம் சேர்த்துக் குழைத்து, சின்னச் சின்ன உருண்டையாக்கி, மெல்லிசாகத் தட்டி எண்ணெயில் போடுகிறார்கள். தட்டுவதில்தான் கைத்திறன். தடித்தால் மொறுமொறுப்பு வராது. அளவுக்கு மிஞ்சி மெலிந்தால் பொரியும்போது உடையும். ஈரப்பதம் முழுக்கப் போகும்வரை பொரிப்பதால் நாள்கணக்கில் இருக்கும். அதனால்தான் இது கடல் கடந்து போகிற பண்டமாயிற்று. இதைச் செய்கிற பெண்களில் பலர் குடும்பத்தைத் தனியாகத் தூக்கி நிறுத்தியவர்கள். கடையில் வாங்குவதில் தப்பில்லை. ஆனால் தங்குகிற வீட்டில் விசாரித்து, வடை சுடுகிற ஒரு வீட்டுக்கு நேரே போய் வாங்குங்கள். விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். அடுப்புச் சூட்டுக்கு முன்னால் அவர்கள் இருக்கிற நேரத்தைப் பார்த்தால் உங்களுக்கே கேட்க மனம் வராது. வீட்டு வாசலில் தோசை சுட்டு விற்கிறவர்களும் அப்படித்தான். காலைச் சாப்பாட்டை அவர்களிடம் முடியுங்கள்.

வெளிச்சவீடு 1916இல் கட்டியது, 32 மீற்றர் உயரம். ஏறிப் பார்க்கலாம் என்ற எண்ணத்தோடு போகவேண்டாம். வெளியில் நின்று பாருங்கள். காவலில் யாராவது நின்றால் படம் எடுக்கமுன் கேளுங்கள். அவ்வளவே.

ஹாட்லிக் கல்லூரியைக் கடந்து போகும்போது கொஞ்சம் மெதுவாக நடவுங்கள். 1838இல் மெதடிஸ்த மிசனரிமார் தொடங்கிய பள்ளிக்கூடம். கேம்பிரிஜ் வரை போய், நோபல் பரிசு பெற்ற டிராக்கிடம் ஆராய்ச்சி செய்த கணித அறிஞர் எலியேசர் இதன் மாணவர். 1984இல் இந்தப் பள்ளிக்கூடத்தின் நூலகமும் ஆய்வுகூடமும் எரிக்கப்பட்டன. யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை உலகம் அறியும். இது அவ்வளவாக வெளியே தெரியாது. எரிந்த பிறகும் பிள்ளைகள் படித்தார்கள், பாஸ் பண்ணினார்கள், வைத்தியர்களும் எந்திரிகளும் ஆனார்கள். பக்கத்திலே புலோலி. திரு. வி. கலியாணசுந்தரனாருக்குச் சென்னையில் தமிழ் கற்பித்த ஆசிரியர் நா. கதிரைவேற்பிள்ளை பிறந்த மண் அது. தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இதைச் சொல்வதில் எனக்குப் பெருமை உண்டு.

நேரமிருந்தால் கடற்கரை வீதியால் மேற்கே போங்கள். சைக்கிள் கிடைத்தால் இன்னும் நல்லது. வல்வெட்டித்துறையில் முன்பு கப்பல் கட்டினார்கள். அங்கே கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் வாங்க, அதை வல்வெட்டித்துறை மாலுமிகள் ஓட்டிக்கொண்டு 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் போய்ச் சேர்ந்தார்கள். 1954இல் நவரத்தினசாமி என்ற எங்கள் பகுதி மனிதர் இந்தக் கரையிலிருந்து கோடியக்கரைக்கு நீந்தியே போனார். தைப்பொங்கல் நாளில் வந்தீர்களானால் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டப்போட்டி. ஆள் உயரத்தைவிடப் பெரிய பட்டங்கள், ஒவ்வொன்றும் ஒவ்வோர் உருவம், பல வாரத்து உழைப்பு. அந்த ஒரு நாள் ஊர் அமைதியாக இராது, இருக்கவும் கூடாது.

இன்னும் மேற்கே தொண்டைமானாறு. செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் மந்திரம் ஓதுவதில்லை. வாயை வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டு பூசை செய்வார்கள். அன்னதானக் கந்தன் என்றுதான் சனம் சொல்லும். மத்தியானம் அங்கே மடத்தில் பந்தியில் இருந்து சாப்பிடுங்கள். பக்கத்தில் யார் இருக்கிறார் என்று பாராமல் இருக்கிற பந்தி அது. இதை நான் வேண்டுமென்றே சொல்கிறேன். இதே குடாநாட்டில், 1968இல், மாவிட்டபுரம் கோயிலுக்குள் போவதற்குச் சாதியால் ஒதுக்கப்பட்ட மனிதர்கள் போராட வேண்டியிருந்தது. தேநீர்க்கடைக்குள் இருந்து குடிப்பதற்குப் போராட வேண்டியிருந்தது. எங்கள் ஊரின் அழகைச் சொல்கிறவன் இதை மறைத்துச் சொல்லக்கூடாது.

இதோடு சேர்ந்த இன்னொரு விசயம். நீங்கள் ஒழுங்கையால் நடந்து போகும்போது படலையில் நிற்கிற ஆச்சி ஒருவர், "தம்பி ஆற்றை பிள்ளை? எவடம்?" என்று கேட்பார். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு இது பிடிப்பதில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள். அந்தக் கேள்விக்குள்ளே சாதியைத் துருவுகிற கெட்ட பழக்கம் ஒளிந்திருந்த காலம் உண்டு. இன்றைக்கும் சிலரிடம் இருக்கிறது. ஆனால் இப்போது அநேகமாக அந்த ஆச்சி கேட்பது வேறு. அவவுடைய பிள்ளைகள் ரொறன்ரோவில், பாரிசில், லண்டனில். பேரப்பிள்ளைகளைத் திரையில் பார்த்ததுதான் அதிகம். உங்கள் முகத்தில் தெரிந்த யாருடையவோ சாயலைத் தேடுகிறா. நின்று, தகப்பன் பேர், தாயின் ஊர், நீங்கள் என்ன படிக்கிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். உறவு ஒன்றும் இல்லாவிட்டாலும் சொல்லுங்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் என்றால் அதையும் சொல்லுங்கள். "வாங்கோ, உள்ள வந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்பா. போங்கள். எங்கள் ஊரில் செய்யத்தக்க காரியங்களில் இதற்கு மேல் ஒன்று எனக்குத் தெரியாது.

அவவின் வீட்டுக்குப் பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கும். அதற்கடுத்த வளவில் கூரையில்லாத சுவர் நிற்கும். சுவரில் சன்னம் பட்ட தழும்புகள். அங்கேதான் இந்த ஊரின் அமைதி எங்கிருந்து வந்தது என்பது விளங்கும். கடல் காற்றால் மட்டும் வந்த அமைதி அல்ல இது. 1987இல் வடமராட்சி மீது நடந்த படை நடவடிக்கை, அதற்கு முன்னும் பின்னும் நடந்தவை, போனவர்கள், திரும்பி வராதவர்கள், இவ்வளவும் சேர்ந்த அமைதி. மேற்கே மயிலிட்டித் துறைமுகத்தை அதன் சொந்தக்காரர்கள் 27 வருடத்துக்குப் பிறகு, 2017இல்தான் திரும்பக் கண்டார்கள். விடுமுறைக்கு வருகிறவர் ஓய்வு தேடி வருகிறார். அது அவருடைய உரிமை, அதில் குற்றமில்லை. ஆனால் தான் அனுபவிக்கிற அமைதிக்கு இன்னொருவர் என்ன விலை கொடுத்தார் என்று தெரிந்துகொண்டு அனுபவிப்பவருடைய நடையும் பேச்சும் தானாகவே மாறிவிடும். அந்த உடைந்த வீட்டுக்குள் ஏறி நின்று படம் எடுக்கமாட்டார். அது பாழடைந்த சின்னம் அல்ல. காணி உறுதியைப் பத்திரமாக வைத்துக்கொண்டு எங்கோ ஒரு குளிர்நாட்டில் ஒருவர் இருக்கிறார். அவருடைய வீடு அது.

நான் வாழ்ந்து கண்டது இதுதான்: நாம் முக்கியமாக இல்லாத இடத்தில் கொஞ்ச நாள் இருக்கத் தெரிந்தவனுக்கு எந்த ஊரும் தன்னைத் திறந்து காட்டும். பெரிய நகரங்களில் காசு கொடுத்தால் எல்லாம் நம்மைச் சுற்றி நடக்கும். பருத்தித்துறையில் படகு உங்களுக்காகக் காத்திராது, கடை உங்களுக்காகத் திறந்திராது, இரவு எட்டு மணிக்குப் பிறகு வீதியில் ஆள் இராது. அதை ஒரு குறையாக எடுத்துக்கொள்கிறவர் களைத்துப்போவார். ஊரின் மணிக்குத் தன் மணியை ஒப்புக்கொடுக்கிறவர் இரண்டாம் நாள் காலையிலே முகம் மலர்ந்து நிற்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

பின்னேரத்துக்கு வல்லிபுரம் போங்கள். நகரிலிருந்து ஐந்தாறு கிலோமீற்றர். வல்லிபுர ஆழ்வார் கோயிலில் மூலத்தானத்தில் இருப்பது சக்கரம். ஞாயிற்றுக்கிழமைகளில் குடாநாட்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும் சனம் வரும், புரட்டாதியில் திருவிழா. 1936இல் இந்த இடத்தில் அகப்பட்ட பொன்னேட்டில் பிராகிருதத்தில் எழுதியிருக்கிறது. ஏறக்குறைய இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள். அப்படியென்றால் இந்த மணலின் மேல் மனிதர் வாழ்ந்து வழிபட்டு எத்தனை காலம்! அங்கிருந்து மணற்காடு. மணல் மேடுகள், சவுக்கு மரங்கள், மணலில் புதைந்த பழைய அந்தோனியார் கோயில். மேடுகளில் வாகனத்தை ஏற்றாதீர்கள். இந்த மணலை லொறி லொறியாக அள்ளிக்கொண்டு போகிறவர்களோடு அந்த ஊரவர்கள் போராடுவது போதும். கடல் உள்ளே வராமல் தடுப்பது இந்த மேடுகள்தான். கொண்டுபோன போத்தலையும் பையையும் திரும்பக் கொண்டுவாருங்கள்.

தாய் தகப்பனோடு வருகிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அவர்கள் ஒரு வளவுக்கு முன்னால் நின்று பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தால் அவசரப்படுத்தாதீர்கள். அடுத்த இடத்துக்கு நேரமாகிறது என்று சொல்லாதீர்கள். அடுத்த இடம் நாளைக்கும் இருக்கும்.

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் 750 இலக்க பஸ் நிற்கும். பருத்தித்துறை வரை வரும். மார்கழியில் வரவேண்டாம், மழையும் வாடையும் உங்களைக் கட்டிப்போடும். மாசி, பங்குனியில் கடல் அடங்கியிருக்கும். தங்கும் இடத்தை முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு, நாலு மணிக்குப் பிறகு வந்து இறங்குங்கள்.